62 லட்சத்துக்கு இரண்டு கோடி வண்டி

ஆலங்குளம் வட்டாரத்து வாசகர் ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. வயது 47. சிமெண்ட், கம்பி மொத்த வியாபாரம். மனைவி பள்ளி ஆசிரியை. மகனுக்கு 17 வயது, பொறியியல் முதலாண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு டீசல் கார் நிற்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு கல்யாண மண்டப வாசலில் பார்த்த ஜெர்மன் எஸ்.யூ.வி. அவர் மனதைவிட்டு இறங்க மறுக்கிறது. அதே ரக வண்டி ஒன்று இப்போது விலைக்கு வந்திருக்கிறது. 2019-ல் டெல்லியில் பதிவானது. நான்கு லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், 550 குதிரைத்திறன். புதிதாக வாங்கினால் இரண்டு கோடிக்கு மேல். புரோக்கர் 62 லட்சம் சொல்கிறார். ஒரு லட்சம் முன்பணம் வங்கி வழியாகப் போய்விட்டது.

புரோக்கர் சொன்னவற்றை வாசகர் வரிசையாக எழுதியிருக்கிறார். டெல்லியில் பழைய வண்டிகளுக்குத் தடை இருப்பதால்தான் இந்த விலை. டெல்லி நம்பரிலேயே ஒரு வருடம் ஓட்டலாம். படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்து இருக்கிறது, பெயர் மாற்றத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் அடுத்த ஆவணி வரை இருக்கிறது. கம்பெனிப் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும். மனைவி சொன்னது ஒரே வரி: "அந்தப் பணத்துக்கு ஆற்றுப் பாசனத்தில் வயல் வாங்கலாம்." கடிதம் இப்படி முடிகிறது: "வக்கீல் ஐயா, வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

அண்ணாச்சி, ஒரே வார்த்தை என்றால், கூடாது. இந்த வண்டியை, இந்த ஏற்பாட்டில் வாங்கக் கூடாது. ஆனால் நீங்கள் ஏழு பக்கம் எழுதியது ஆசையினால். அந்த ஆசையை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆசை பொய் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படியொரு வண்டியில் என்னைப் பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனார். மூன்றடைப்பு தாண்டி நாங்குநேரிப் பக்கம் போகும்போது, எண்பதில் நிதானமாகப் போகிறோம் என்று நினைத்தபடி பேசிக்கொண்டிருந்தேன். தற்செயலாக மீட்டரைப் பார்த்தால் 140. பணகுடியில் ஆடிக் காற்று காற்றாலைகளை விரட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் கண்ணாடியில் காற்று உரசும் ஓசைகூடக் கேட்கவில்லை. உயரமான இருக்கை, லாரிக்காரரின் கண்மட்டத்துக்குச் சமமான பார்வை, காலை அழுத்தினால் முதுகைப் பிடித்துத் தள்ளும் வேகம். வீடு திரும்பி என் பழைய காரில் ஏறியபோது மாட்டு வண்டியில் ஏறியதுபோல இருந்தது. ஆகவே நீங்கள் மயங்கியதில் எனக்கு வியப்பில்லை.

இந்த ரகமே இந்த மயக்கத்துக்காக உருவானதுதான். ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே செய்துவந்த போர்ஷே 2002-ல் 'கேயன்' வண்டியைக் கொண்டுவந்தபோது, அந்தக் கம்பெனியின் பழைய ரசிகர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் விற்பனை வேறு கதை சொன்னது. 2017 டிசம்பரில் லம்போர்கினி 'உருஸ்' வண்டியைக் காட்டியது: 650 குதிரைத்திறன், மணிக்கு 305 கிலோமீட்டர், நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட 3.6 விநாடி. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டியும் வைத்துக்கொண்டு போகும் வண்டிக்கு இந்தக் கணக்கு! பந்தயக் காரின் என்ஜினும் குடும்ப வண்டியின் இருக்கையும் ஒன்றாக வேண்டும் என்ற ஆசைக்கு உலகமெங்கும் ஆள் இருக்கிறார்கள். ஆலங்குளத்தில் மட்டும் இருக்கக் கூடாதா?

ஆனால் என் தொழில் விபத்து இழப்பீட்டு வழக்கு. அன்று அந்த வண்டியில் எனக்குப் பிடித்த அதே விஷயம்தான் என்னை உறுத்தவும் செய்தது. வேகம் தெரியாமல் போவது சுகம். வேகம் தெரியாமல் போவதுதான் ஆபத்தும். நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-ல் வகுத்த உச்ச வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். மாநிலம் அதை இன்னும் குறைக்கலாம், கூட்ட முடியாது. 80-க்கும் 140-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது மூன்று மடங்கு. 140-ல் போகும்போது, ஆட்டுக்கிடை குறுக்கே வருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால், அந்த ஒரு விநாடியில் வண்டி 39 மீட்டர் போயிருக்கும். இரண்டேகால் டன் எடை அதற்குப் பிறகுதான் நிற்கத் தொடங்கும். "கனமான வண்டி, அதனால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஓரளவு உண்மை. எதிரே மொபெட்டில் வருபவருக்கு அந்தக் கனம் எமன். இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரராகக் கூண்டுக்கு வருவதும் நீங்கள்தான்.

மலிவு எதில்?

62 லட்சம் கொடுத்து வாங்கினாலும் அது இரண்டு கோடி வண்டிதான். அதன் பிரேக் தட்டு, டயர், ஏர் சஸ்பென்ஷன் எதற்கும் தள்ளுபடி விலை கிடையாது. முதல் உரிமையாளர் கண்டது வாரண்டிக் காலத்தை. நீங்கள் காணப்போவது அதற்குப் பிந்தைய காலத்தை. இந்த சஸ்பென்ஷனில் வண்டியைத் தாங்குவது காற்றுப் பைகள், அவை ரப்பர், வயதானால் வெடிப்பு விடும். ஒரு பை கசிந்தால் காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரசரும் கருகும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் நிலையம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சாய்ந்து நிற்கும் வண்டி லாரி மீது ஏறித்தான் வெளியூர் போகும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தோரு அங்குலச் சக்கரத்தில் ரப்பர் வெறும் பட்டைபோலத்தான் இருக்கும். கடையம் சாலையில் முன்னறிவிப்பில்லாத வேகத்தடை ஒன்றில் விளிம்பு அடிபட்டுப் பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. இந்த ரக வண்டிகள் பலவற்றில் முழு அளவு ஸ்டெப்னி இருக்காது. சின்னச் சக்கரமோ, பசை டப்பாவோதான் இருக்கும். வாங்கும் முன் டிக்கித் தளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

பெட்ரோலைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அதைத் தாங்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால், திருநெல்வேலிக்கு ஒருமுறை போய்வரப் பன்னிரண்டு லிட்டர். அவ்வளவுதான்.

டெல்லித் தடை பற்றி

இங்கேதான் புரோக்கர் உங்களை நேரடியாக ஏமாற்றியிருக்கிறார், அல்லது அவருக்கே தெரியவில்லை. தலைநகர்ப் பகுதியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்து, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த வயது வரம்பு, டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு. உங்கள் வண்டி பெட்ரோல், 2019-ல் பதிவானது. அந்த வரம்பின்படியே பார்த்தாலும் அதைத் தொட 2034 ஆக வேண்டும். எனவே, விலை குறைந்ததற்குக் காரணம் தடை அல்ல. வயதான சொகுசு வண்டிக்கு இயல்பாக விலை சரிவது ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய பில் ஒன்று வரப்போவதை அறிந்து தள்ளிவிடுவதாகவும் இருக்கலாம். விபத்தில் நொறுங்கிச் சீரமைத்த வண்டியாக இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கியதாகவும் இருக்கலாம். 2023 ஜூலையில் யமுனை டெல்லிக்குள் புகுந்ததை மறந்துவிடாதீர்கள்.

வெள்ளத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தாள் என்று நாம் பார்த்தவர்கள். தண்ணீரில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து மணக்க மணக்க நிறுத்திவிடலாம். வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம்போல அரிப்பு ஏற மாதங்கள் ஆகும். இந்த வண்டிகளில் கணினிப் பெட்டிகள் சில இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழேயும் இருக்கும். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு சில சமயம் தெரியும். அதைவிட நம்பகமானது, சேஸிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனியின் சர்வீஸ் வரலாற்றையும், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பழைய க்ளெய்ம் விவரத்தையும் எழுத்தில் பெறுவது. உரிமையாளர் ஒப்புதல் தந்தால் இரண்டும் கிடைக்கும். ஒப்புதல் தர மறுத்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

இன்னொரு தவறான எண்ணமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் வெள்ளத்திலும் போகலாம் என்கிறீர்கள். நான்கு சக்கர இயக்கம் சேற்றில் உதவும். என்ஜின் மூச்சிழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்தால் அது எந்த வண்டியாக இருந்தாலும் என்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளையும். அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அதை எல்லாக் கம்பெனியும் தருவதில்லை.

பெயர் மாறாத வண்டி

புரோக்கர் சொல்லும் ஏற்பாட்டுக்கு, அதாவது கையெழுத்திட்ட படிவங்களை வாங்கிவைத்துக்கொண்டு பெயர் மாற்றாமலே ஓட்டுவதற்கு, 'ஓப்பன் டிரான்ஸ்பர்' என்று பெயர்; அது சட்டத்தில் இல்லாத சொல். வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது. இழப்பீட்டுச் சுமை பதிவேட்டில் இருந்தவர் தலையில் விழுந்தது. அது விற்பவருக்குத்தானே பயம், எனக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். டெல்லிக்காரருக்குக் கடன் இருந்தால் அவர் பெயரிலுள்ள சொத்தாக இந்த வண்டி ஜப்தியாகலாம். அவர் இறந்துபோனால் உங்கள் கையிலுள்ள கையெழுத்துப் படிவங்கள் வெறும் தாள். வண்டி திருடுபோனால் இழப்பீடு கேட்க உங்களுக்குப் பாலிசியில் பெயர் இல்லை.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவால் பாலிசி தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மூன்றாம் நபருக்கான பொறுப்பு மட்டுமே அப்படி மாறும். வண்டியின் சொந்தச் சேதம் மாறாது. பெயர் மாற்றக் கோரி நீங்கள் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆக, அந்த 'ஆவணி வரை' இன்சூரன்ஸ் எதிரே வருபவரைக் காக்கும். உங்கள் 62 லட்சத்தைக் காக்காது.

ஒரு வருடம் ஓட்டலாம் என்பதும் அரைகுறை உண்மை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47-வது பிரிவு. அது எண்ணுக்கான கெடு. பெயர் மாற்றத்துக்குக் கெடு வேறு: வாங்கியவர் 30 நாளுக்குள் தன் எல்லைக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வரி இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும். ஆனால் கணக்கு நீங்கள் கொடுத்த 62 லட்சத்தின் மேல் அல்ல, அசல் இன்வாய்ஸ் விலையின் மேல். அது பத்து லட்சத்துக்குக் கீழே நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டெல்லியில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு அங்கே முதல் உரிமையாளர் ஒத்துழைக்க வேண்டும், உங்களுக்குப் பொறுமையும் வேண்டும்.

கம்பெனிப் பெயர்

கம்பெனிப் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்பதை உங்கள் ஆடிட்டர் கேட்டால் சிரிப்பார். பதின்மூன்று இருக்கை வரையுள்ள பயணிகள் வண்டிக்கு, வண்டி விற்பதோ வாடகைக்கு விடுவதோ உங்கள் தொழிலாக இல்லாதவரை, வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, அதாவது உள்ளீட்டு வரியை, திரும்ப எடுக்க முடியாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவே தடுக்கிறது. தேய்மானத்தை ஆண்டுக்கு 15 சதவீதம் கழிக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்குரிய பங்கை வருமான வரித் துறை வெட்டிவிடலாம். அத்துடன், புரோக்கர் ஒப்பிடும் புது வண்டி விலை எந்தத் தேதியிலானது என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 22 சதவீத செஸ்ஸும் போய், மொத்தமாக 40 சதவீதம் ஆகிவிட்டது. புதுசின் விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்க வேண்டும் அல்லவா?

மகன்

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஓரமாக, "பையன் தோட்டத்துப் பாதையில் எடுத்துப் பழகிக்கொள்வான்" என்று ஒரு வரி. மற்ற எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் திரும்ப வந்து நின்றது இந்த வரியில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. பதினெட்டு நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் குற்றவாளி நீங்கள். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. எனக்குத் தெரியாது என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் நீங்கள் தெரியும் என்று எழுத்தில் எனக்கே அனுப்பிவிட்டீர்கள்! லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவர் இறந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும். அந்தத் தொகை உங்கள் கடையை விழுங்கிவிடக்கூடும்.

சைலன்சரை மாற்ற வேண்டும், என்ஜின் கணினியைத் திருத்தி 650 குதிரைத்திறன் ஆக்க வேண்டும் என்கிறானாம். கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய். பணம் சிறிது. க்ளெய்ம் மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது நல்ல சாக்கு என்பதுதான் பெரிது. அவனுக்குப் பதினெட்டு ஆகி லைசென்ஸ் வந்தபிறகும் முதல் இரண்டு வருடம் வீட்டிலிருக்கும் டீசல் வண்டியைக் கொடுங்கள்.

சரி, வாங்குவதென்றால்

ஆசை அப்படியே இருந்தால், முதலில் வாடகைக்கு எடுத்து மூன்று நாள் ஓட்டுங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள, வாடகைக்கென்றே பதிவான வண்டியாக இருக்கட்டும். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாரல் நேரத்துக் குற்றாலக் கூட்டத்திலும், டவுண் ரத வீதியிலும் ஓட்டிப் பாருங்கள். 550 குதிரைகளும் ஒரு காய்கறித் தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரியும்.

பிறகும் வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் பதிவான, ஒரே உரிமையாளர் வண்டியை, அந்தக் கம்பெனியின் சொந்தப் பழைய வண்டிப் பிரிவில் வாரண்டியோடு வாங்குங்கள். பத்துப் பதினைந்து லட்சம் கூடும். இதே ரக ஜெர்மன் எஸ்.யூ.வி.களில் ஆறு சிலிண்டர் டீசலும் உண்டு. உங்கள் ஓட்டத்துக்கு அதன் இழுவையே ஏராளம், பில்லும் பாதி உயிரை எடுக்காது. டீலரிடம் வாங்குவதில் சட்ட லாபமும் உண்டு. குறை இருந்தால் இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையம் அல்ல, மாநில ஆணையம். மதுரையில் அதன் கிளை இருக்கிறது. தனிநபரிடம் வாங்கினால் சிவில் நீதிமன்றம்தான், அதுவும் டெல்லியிலா தென்காசியிலா என்ற வாதத்திலேயே வருடங்கள் போகும்.

வயல் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். வயலுக்கும் பட்டா, வில்லங்கம் பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள் என்று மட்டும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

முன்பணம் ஒரு லட்சம் இருக்கிறது. போனில் பேசாதீர்கள்; எழுதுங்கள். மூன்றே வரி போதும்: சர்வீஸ் வரலாறு, க்ளெய்ம் விவரம், நிதி நிறுவனக் கடன் நீக்கிய படிவம் 35, டெல்லி அலுவலகத்தின் தடையில்லாச் சான்றான படிவம் 28 ஆகியவை பத்து நாளில் வேண்டும், தடை காரணமாகவே விற்பதாக நீங்கள் சொன்னது இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை, கொடுக்க இயலாவிட்டால் முன்பணத்தை அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். பொய்யான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. பத்து நாள் கழிந்து பணம் வராவிட்டால், வங்கி ரசீது, புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரத்தின் படம் மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு உள்ளூரில் ஒரு வக்கீலைப் பாருங்கள். வாங்குபவர் என்ற இடத்தில் வெற்றுப் படிவம் எதிலாவது நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அதைத் திரும்பக் கேட்கும் வரியையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.